கண்ணுக்குப் பின்னால் ஒரு முள்

ஜூலை 8, திங்கள்

ஒரு வேலையைப் பிடித்துப்போய்ச் செய்கிறோமா, விட முடியாமல் செய்கிறோமா என்று செய்கிறவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியவில்லை.

கல்லூரி மலருக்குப் பேட்டி எடுக்க இரண்டாம் ஆண்டுப் பெண்கள் இருவர் வந்திருந்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "மேடம், இருவத்தஞ்சு வருசமா ஒரே பூச்சியத்தான் பாக்கிய. சலிக்கலையா?" ஆர்வம், அர்ப்பணிப்பு, இயற்கையின் விந்தை என்று ஏதோ சொன்னேன். மேடையில் சொல்கிற வார்த்தைகள். அவள் அப்படியே நம்பி எழுதிக்கொண்டதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அதனால் இந்த டைரி. இன்ஷூரன்ஸ் ஆபீசில் என் கணவர் ஆசீருக்கு வருடா வருடம் கொடுப்பது. பாதி வருடம் காலியாகவே போய்விட்டது.

என் பூச்சி இலைப்பேன் வகை. மிளகாயிலும் ரோஜாவிலும் வரும் இலைப்பேன் விவசாயிகளுக்குத் தெரியும். அதற்கு மருந்து உண்டு, ஆராய்ச்சிக்கு நிதி உண்டு. என்னுடையது செத்த சுள்ளியில் இருந்துகொண்டு பூஞ்சண வித்துகளை விழுங்கி வாழ்கிறது. நீளம் இரண்டு மில்லிமீட்டர். யாருக்கும் கெடுதல் செய்வதில்லை, ஆகவே யாருக்கும் அக்கறையும் இல்லை. பார்த்தவுடன் அதற்குப் பெயர் சொல்லக்கூடியவர்களை என் ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

மைக்ரோஸ்கோப் விளக்கு மங்கலாக எரிகிறது. புது பல்பு கேட்க வேண்டும்.

ஜூலை 13, சனி

இசக்கியோடு மணிமுத்தாறு அடிவாரத்துக்குப் போனேன். இசக்கியம்மாள் என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். ஐந்தாவது வருடம். குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காய்ந்த கிளைகளைக் கம்பால் தட்டுவதுதான் வேலை. குடைக்குள் விழும் தூசியில் எது நகர்கிறதோ அதைத் தூரிகை நுனியால் எடுத்து ஆல்கஹால் குப்பியில் போட வேண்டும். ஆடு மேய்க்கிற ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்தார்.

"என்னம்மா, மழையும் இல்ல. குடைய வேற தலகீழா புடிச்சிருக்கிய?"

"பேன் பாக்கோம் அண்ணாச்சி," என்றாள் இசக்கி.

"மரத்துக்கா?"

"அதுக்கும் பாத்துவிட ஆளு வேணும்லா."

அவர் சிரித்தபடியே ஆடுகளோடு போனார்.

நிறையக் கிடைத்தது. குடைக்குள் ஓடிய இரண்டை நான் கவனிக்கவில்லை. இசக்கி எடுத்துவிட்டாள். வெயில் அதிகம்.

ஜூலை 21, ஞாயிறு

ஆலயத்தில் ஆராதனை முடிந்து வந்து இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். படுக்கையறை ஜன்னலில் நடுக்கம்பிகள் இரண்டு ஒன்றை நோக்கி ஒன்று வளைந்திருக்கின்றன. ஆசீரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எந்தக் கம்பி?" என்றார். கிட்டே போய்த் தட்டிப் பார்த்தார். "எல்லாம் நேராத்தான் நிக்கி. ஒனக்குக் கம்பியிலயும் ஒரு குத்தம் கண்டுபிடிக்கணும்."

எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். நேராகத்தான் இருந்தன. தூக்கக் கலக்கம்.

ஜூலை 29, திங்கள்

மணிமுத்தாற்றுப் பூச்சியில் ஒன்று கிடைத்திருக்கிறது. இதை எழுதும்போது கை கொஞ்சம் அவசரப்படுகிறது.

இந்தக் குடும்பத்தில் கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக ஒரு நீண்ட முள் இருக்கும். உண்மையில் அது மயிர். வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னால் பெண்கள் சிரிப்பார்கள் என்று நான் முள் என்று சொல்லிப் பழக்கிவிட்டேன். அது எவ்வளவு நீளம், நுனி கூரா மொட்டையா என்பதை வைத்துத்தான் ஓர் இனத்தை இன்னோர் இனத்திலிருந்து பிரிக்கிறோம். இந்தப் பூச்சியில் அந்த முள் நடுவில் முழங்கை போல மடங்கியிருக்கிறது. மூன்று பெண் பூச்சிகளிலும் அப்படியே. இந்தப் பேரினத்தில் யாரும் இதுவரை அப்படி ஒன்றை எழுதியதில்லை.

இசக்கி கேமரா பொருத்திய புது மைக்ரோஸ்கோப்பில் வேலை செய்கிறாள். நான் பழையதை விடுவதில்லை. அது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கருவி. பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடியைப் பொருத்தினால் பூச்சியும் என் பென்சிலும் ஒரே இடத்தில் தெரியும். கோட்டின் மேலேயே கோடு போட்டு வரையலாம். மாணவப் பருவத்திலிருந்து வலது கண்தான்.

இசக்கி தன் கருவியில் வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தாள்.

"மேடம், நான் ஒண்ணு சொன்னா திட்டப்பிடாது. போட்டோல முள்ளு நேரா இருக்கு."

"போட்டோ தட்டையா எடுக்கும். ஆழம் தெரியாது. வரைஞ்சு பாரு."

"வரைஞ்சேன். நேராத்தான் வருது."

"நீ ஏற்கெனவே மனசுல நேர்கோடு வச்சுக்கிட்டு வரையுத."

"சரி மேடம்," என்றாள். அவள் சரி என்றால் சரியில்லை என்று அர்த்தம். ஆனாலும் பயிற்சி போதவில்லை என்பதுதான் உண்மை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இசக்கி புதுக் கண்ணாடி போட்டு வந்திருக்கிறாள். பட்டை பிரேம். நன்றாக இருந்தது, சொல்ல மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கட்டுரையை அனுப்பிவிட்டோம். புது இனம், என் பெயரும் இசக்கி பெயரும். மார்ச்சுக்குள் ஒரு கட்டுரை வெளியானால்தான் அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். இது வந்தால் அவள் கவலை தீரும். அனுப்பும் பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னேன். "நீங்களே அழுத்துங்க மேடம்" என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். இந்தத் தலைமுறைக்கு எதிலும் உற்சாகம் இல்லை.

விளக்கு இன்னும் மங்கல்தான். பல்பு வந்துவிட்டது, மாற்றத்தான் நேரமில்லை.

செப்டம்பர் 11, புதன்

ஒப்பிட்டுப் பார்க்க என் முனைவர் பட்டக் காலத்து ஸ்லைடு பெட்டியைத் திறந்தேன். நான் 2001இல் வரைந்த இனம். அந்தப் படத்தில் முள் ஊசி போல நேராக இருக்கிறது. இன்று பார்த்தால் அதிலும் மடக்கு இருக்கிறது.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மடக்கு ஓர் இனத்துக்கு மட்டுமல்ல, பேரினத்துக்கே உரிய அடையாளம் என்றால் விஷயம் பெரிது. நாங்கள் எல்லோரும் இத்தனை காலம் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். அடுத்த ஸ்லைடை எடுத்தேன், அதற்கடுத்ததை எடுத்தேன். வேறு பேரினத்திலும் இருந்தது. சம்பந்தமே இல்லாத மிளகாய் இலைப்பேனிலும் இருந்தது.

இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை.

இன்னொன்றை நாளைக்கு யோசிக்கலாம்.

செப்டம்பர் 12, வியாழன்

பல்பை மாற்றினேன். லென்ஸ்களைக் கழற்றித் துடைத்தேன்.

செப்டம்பர் 14, சனி

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்கும் கண்வில்லைக்குள் அளவெடுப்பதற்காக ஒரு கண்ணாடிச் சில்லு இருக்கிறது. அதில் சின்னச் சின்னக் கோடுகள் பொறித்திருக்கும். ஸ்லைடு எதுவும் வைக்காமல் அதை மட்டும் பார்த்தேன். நடுவில் உள்ள கோடுகள் உள்நோக்கி மடங்கின. இடது கண்ணை வைத்தேன். நேராக நின்றன. வலது கண். மடங்கின.

உறையைப் போட்டு மூடிவிட்டு இடைத்தேர்வு விடைத்தாள் ஒரு கட்டுத் திருத்தினேன். வரும் வழியில் ஊளி மீன் நல்லதாகக் கிடைத்தது. குழம்பு வைத்தேன். ஆசீர் இரண்டு முறை ஊற்றிக்கொண்டார்.

செப்டம்பர் 28, சனி

கண் டாக்டரிடம் போக நேரமே இல்லை. விடைத்தாள், பாடத்திட்டக் குழுக் கூட்டம், ஆசீரின் அக்கா வீட்டில் பால் காய்ப்பு. அங்கே எல்லோரும் புது வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். நான் இடது கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வாசல் நிலையாகப் பார்த்தேன். டியூப் லைட், கம்பி, கதவு, தரையின் ஓட்டுக் கோடு. எல்லாம் நான் பார்க்கும் இடத்தில் மட்டும் ஒடுங்குகின்றன.

"மைனிக்கு வீடு புடிக்கல போல. கண்ணச் சுருக்கிச் சுருக்கிப் பாக்காவ," என்றாள் ஆசீரின் தம்பி மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

இசக்கியிடம் சொல்லிவிட்டேன். ஆசீருக்கு முன்னால் அவளிடம் சொன்னது ஏன் என்று தெரியவில்லை. அனுப்பிய கட்டுரையில் அவள் பெயர் இருப்பதால் இருக்கலாம்.

"முள்ளு நேராத்தான் இருக்கு இசக்கி. வளைஞ்சது என் கண்ணுல."

 அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இது எதுக்குப் போட்டேன்னு நெனைக்கிய?"

"பவர் கூடியிருக்கும்."

"பவரே இல்ல மேடம். வெறும் கண்ணாடி. நீங்க வளைஞ்சிருக்குங்கிய, எனக்கு நேராத் தெரியுது. எனக்குத்தான் கண்ணு போச்சுன்னு டாக்டர்ட்ட போனேன். ஒண்ணும் கொறையில்லன்னாரு. நான் நம்பல. எதாவது குடுங்கன்னு சண்ட போட்டு வாங்கிட்டு வந்தேன்."

"என் கண்ணு சரியில்லைன்னு ஒனக்குத் தோணவே இல்லையா?"

"ஒங்க கண்ணா?" என்றாள். அது சாத்தியம் என்று அவளுக்கு அப்போதும் தோன்றவில்லை என்பது அந்தக் குரலில் தெரிந்தது. பிறகு அழுதாள். நான் அவள் தோளைத் தொட்டிருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

இருவருமாக உட்கார்ந்து பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினோம். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். நாங்கள் விவரித்த அடையாளம் பூச்சியுடையது அல்ல, அதை எழுதிய இருவரில் மூத்தவரின் விழித்திரையுடையது. "இவ்ளோ சொல்லணுமா மேடம்?" என்றாள். சொல்லத்தான் வேண்டும். இந்த முறை பொத்தானை அவள் அழுத்தினாள்.

புது இனம் இல்லை. சாதாரணமான, பெயர் உள்ள இனம்தான். அவள் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் காலி.

அக்டோபர் 5, சனி

ஆசீர் கூட வந்தார். நேற்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய் அவரே கழுவி வைத்தார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

கண் டாக்டர் சின்ன வயசுக்காரர். கட்டம் போட்ட தாளைக் காட்டி எங்கே வளைகிறது என்று குறிக்கச் சொன்னார். நான் பென்சிலால் துல்லியமாக வரைந்து கொடுத்தேன். "இவ்ளோ நல்லா யாரும் வரைஞ்சதில்ல மேடம்" என்றார். பிறகு ஒரு படம் எடுத்துத் திரையில் காட்டினார். விழித்திரையின் நடுவில் ஓட்டை.

"மொதல்ல உள்ள ஒரு இழுப்பு இருந்திருக்கும். அப்பதான் கோடு வளைஞ்சு தெரிஞ்சிருக்கும். இப்ப கிழிஞ்சிருச்சு."

"எவ்வளவு பெரிசு?"

"முந்நூத்தம்பது மைக்ரான்."

அதற்கு மேல் அவர் சொன்னது கொஞ்ச நேரம் காதில் விழவில்லை. என் பூச்சியின் தலை ஏறக்குறைய அந்த நீளம். எத்தனையோ தலைகளை அளந்து எழுதியிருக்கிறேன்.

அறுவை சிகிச்சை செய்யலாம். கண்ணுக்குள் வாயுவை நிரப்புவார்கள், அது ஓட்டையை அழுத்தி மூட வேண்டும். அதற்காக ஒரு வாரம் முகத்தைக் கீழே கவிழ்த்தபடியே இருக்க வேண்டும்.

"குனிஞ்சே இருக்க முடியுமா மேடம்?"

"இருவத்தஞ்சு வருசமா அதத்தான் செய்யுதா," என்றார் ஆசீர். டாக்டருக்குப் புரியவில்லை. எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகு அவர் சாவியைப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 16, புதன்

நாளைக்கு அறுவை சிகிச்சை. ஓட்டை மூடிவிடும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்கிறார். மூடினால் நேராகத் தெரியுமா என்று கேட்டால் மட்டும் "பொறுத்துப் பாப்போம்" என்கிறார். என் துறையில் யாராவது அப்படி எழுதினால் நான் சிவப்பு மையால் கோடு போடுவேன்.

இட்லி மாவு அரைத்து வைத்திருக்கிறேன். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்றிலிருந்து நிமிரலாம். எழுத்து கோணலாக வருகிறது.

ஒரு வாரத்துக்கும் மேலாகத் தரையை மட்டும் பார்த்தேன். ஆசீர் விடுப்புப் போட்டார். சாப்பாட்டைக் கீழே வைத்தார், நான் கட்டில் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு சாப்பிட்டேன். பார்க்க வந்தவர்களைக் கால்களால் அடையாளம் கண்டேன். போதகர் வந்து ஜெபித்தபோது அவர் காலுறையில் பெருவிரல் ஓட்டை. அதையும் அளந்துகொண்டிருந்தேன்.

இசக்கி மூன்று முறை வந்தாள். வந்தவுடன் தரையில் மல்லாந்து படுத்துவிடுவாள், என் முகம் அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

"மேடம், ஒங்களுக்குக் கீழ எறும்பு போவுது. பாக்கலாம்லா, பொழுது போவும்."

"எறும்புல எனக்கு விருப்பமில்ல."

"அதுவும் பூச்சிதான."

"அதப் பாக்க ஊரெல்லாம் ஆளிருக்கு."

அவள் தரையில் உருண்டு சிரித்தாள்.

ஒன்றை எழுத வேண்டும். இத்தனை நாளில் ஒருமுறைகூட என் பூச்சியைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கவில்லை. முதல் இரண்டு நாள் வலி. பிறகு ஏதோ ஒரு நிம்மதிகூட இருந்தது. அந்த நிம்மதிதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

கண்ணுக்குள் வாயு குறைந்துகொண்டு வருகிறது. கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி ஆடுவது போலத் தலையை அசைத்தால் ஆடுகிறது. குமிழிக்கு மேலே மங்கலான ஒரு வெளி, அதில் ஒன்றும் தெளிவில்லை.

கல்லூரி முதல்வர் வீட்டுக்கு வந்திருந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும். நல்ல மனுஷி. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பொறுப்பு ஜனவரியில் காலியாகிறது, நான் எடுத்துக்கொள்ளலாமே என்றார். "இனி எதுக்கு அந்த மைக்ரோஸ்கோப்பப் போட்டுக் கஷ்டப்படணும் பியூலா? நெறையச் செஞ்சாச்சு. ஒங்க மாதிரி கண்டிப்பான ஆளுதான் அங்க வேணும்." டிசம்பர் 16ஆம் தேதி சொன்னால் போதுமாம்.

தனி அறை, தனி வாகன நிறுத்தம். ஆய்வுக்கூடத்துக்கு நேரம் இருக்காது.

ஆசீர் வெட்டிய ஆப்பிளைத் தின்றபடி, "ஒனக்கு எப்டித் தோணுதோ" என்றார். தோன்றவில்லை என்பதுதான் சிக்கல்.

டிசம்பர் 4, புதன்

ஓட்டை மூடிவிட்டது. டாக்டர் திரையில் காட்டினார். நான் பார்த்த படங்களிலேயே ஒழுங்கான படம்.

கட்டம் போட்ட தாளில் இன்னும் லேசாக ஒடுங்குகிறது. நடுவில் ஒரு புகை. போகப் போகக் குறையலாம், குறையாமலும் இருக்கலாம். மைக்ரோஸ்கோப் பார்க்கலாமா என்று ஆசீர்தான் கேட்டார். தாராளமாக என்றார் டாக்டர்.

டிசம்பர் 7, சனி

கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊற வைத்தேன். பரண் சுத்தம் செய்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

இன்றிலிருந்து வகுப்புக்குப் போகிறேன். பாடம் எடுத்துவிட்டு நேராக வீடு. திரைச்சீலை எல்லாம் துவைத்தேன்.

இசக்கி மாற்றுக் கட்டுரை எழுதிவிட்டாள். எந்தெந்த ஊரில் எந்தெந்த இனம் கிடைத்தது என்ற விவரம்தான். அந்தப் பத்திரிகையின் ஆசிரியரே பரிசீலிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"லேப்புக்கு எப்ப வாரிய?"

"இந்த வாரம் வேலை இருக்கு."

"கேக்கு வேலையா?" என்றாள். கிண்டலா, கோபமா தெரியவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

நாளைக்கு முதல்வரிடம் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஆய்வுக்கூடத்துக்குப் போய் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். இதற்கு மேல் தள்ளிப்போட்டால், பயந்துதான் தள்ளிப்போடுகிறேன் என்பது எனக்கே தெரிந்துவிடும்.

பயம் எது என்று யோசித்தேன். பார்க்க முடியாமல் போய்விடுமோ என்பது ஒன்று. அது சின்னப் பயம். முடியாவிட்டால் கண்ணின் மேல் பழி போட்டுவிட்டுப் போய்விடலாம், எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். தெளிவாகவே தெரிந்து, தெரிகிறதைப் பார்த்து எனக்கு ஒன்றுமே தோன்றாமல் போனால்? இருபத்தைந்து வருடமாக ஓடிய வண்டி நின்ற இடத்தில், அது எப்போதோ யாரோ தள்ளிவிட்ட வேகத்தில் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று தெரியவந்தால்?

பரிசோதனை எப்படிச் செய்வது என்று வரிசையாக முடிவு செய்திருக்கிறேன். முதலில் கண்வில்லைக்குள் இருக்கும் அளவுகோல் மட்டும். வலது கண், பிறகு இடது. வரைந்து ஒப்பிட வேண்டும். அதன் பிறகு பழைய ஸ்லைடு ஒன்று. நாளை இதே பக்கத்தில் முடிவை எழுதுவேன்.

டிசம்பர் 16, திங்கள்

காலையிலிருந்தே தூறல். இசக்கி எனக்கு முன்னால் வந்து பழைய மைக்ரோஸ்கோப்பின் உறையை எடுத்து விளக்கையும் போட்டு வைத்திருந்தாள். அளவுகோல் உள்ள கண்வில்லையை இழுப்பறையில் தேடினேன்.

"அது பொறவு பாத்துக்கிடலாம் மேடம். மொதல்ல இந்த ஸ்லைடப் பாருங்க. வெள்ளிக்கெழம ஆஸ்டலுக்குப் பின்னால உள்ள வாகையில தட்டுனது."

பார்த்தேன். பெண் பூச்சி. சாதாரண இனம், பெயர் தானாக வந்தது. ஸ்லைடுக்காக வெளுக்க வைத்த உடலில் அது விழுங்கிய வித்துகள் வெளியே தெரியும். வழக்கமாகப் பழுப்பு நிற உருண்டைகள். இதன் வயிற்றில் இருந்தவை நட்சத்திரங்கள். கூர் கூராக மூலைகள் நீட்டிக்கொண்டு, ஒன்றன் மேல் ஒன்றாக அடைந்து கிடந்தன.

"ஏட்டி, இது என்னது?" என்றேன். இசக்கியை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அதான் நானும் கேக்கேன். மேல ஒட்டிருக்கோ?"

"ஒட்டல. குடலுக்குள்ளதான் இருக்கு. நான் லென்ஸ எறக்கிப் பாத்துட்டேன். வாகைச் சுள்ளியில இந்த வித்து எப்டி வரும்?"

"வராது. சுள்ளியச் சொரண்டிப் பாத்தேன், அதுல எல்லாம் உருண்டதான்."

"அப்போ இது அங்க திங்கல. வேற எங்கயோ தின்னுட்டு அங்க வந்து உக்காந்திருக்கு."

"எதுக்கு வரணும்? சாப்பாட்ட விட்டுட்டு?"

"அதான!"

சுள்ளியை விட்டு இது நகர்வதே இல்லை என்றுதான் எல்லோரும் எழுதியிருக்கிறோம், நான் உள்பட. இசக்கி இன்னும் நான்கு ஸ்லைடுகளை எடுத்தாள். ஒன்றில் இருந்தது, இரண்டில் இல்லை, ஒன்றில் நட்சத்திரமும் உருண்டையும் கலந்திருந்தன. நான் வரைந்தேன். அவள் அது வேறு இனம் என்றாள், நான் இல்லை என்றேன், அவள் சொன்னது சரி. முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்தபோது வருகிறேன் என்று சொன்னேன். மதியம் இருவரும் நனைந்துகொண்டே வாகையைச் சுற்றி வேம்பு, புங்கை, கேன்டீன் பின்னால் காய்ந்து தொங்கும் வாழைச் சருகு எல்லாவற்றையும் சுரண்டித் தாளில் மடித்துக்கொண்டு வந்தோம். வேம்பில் இல்லை. புங்கையில் இல்லை. சருகு பார்ப்பதற்குள் காவலாளி கதவைப் பூட்ட வந்துவிட்டார். முதல்வர் அப்போது வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். போனில் கூப்பிட்டு, எனக்கு நேரம் இருக்காது என்று சொன்னேன். "யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா?" என்றார். யோசிக்கவில்லை என்று சொல்ல முடியவில்லை.

ஆசீர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எப்டி இருந்துச்சு?"

நட்சத்திரங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். செருப்பைக் கழற்றவில்லை, பையைக் கீழே வைக்கவில்லை. அவர் துண்டை எடுத்து என் தலையில் போட்டார். நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நான் கண்ணக் கேட்டேன்," என்றார்.

"கண்ணா?"

"வலது கண்ணு. பாத்தியா? எப்டித் தெரியுது?"

அளவுகோலைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாள் முழுக்க எந்தக் கண்ணை வைத்துப் பார்த்தேன் என்று யோசித்தேன். தெரியவில்லை. படத்தைப் பார்த்தால் தெரியும் என்று பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் பரப்பினேன். நட்சத்திரங்களின் மூலைகள் சில நேராகவும் சில கொஞ்சம் சாய்ந்தும் இருக்கின்றன. வித்தே அப்படித்தானா என்று நாளைக்கு இசக்கியைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.